சரிந்தால்தான் திரும்பும்

நம்மில் பலருக்கு முதல் விமானப் பயணமே ஊரை விட்டு வெளியேறிய பயணம்தான். நடுவானில் ஒரு பக்கச் சிறகு தாழ்ந்தபோது பயந்தோம். யாரிடமும் கேட்க மொழி தெரியாது. இப்போது அதே கேள்வியை நமது பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள். விமானம் ஏன் சரிகிறது?

வள்ளத்தின் சுக்கானைத் திருப்பினால் வள்ளம் திரும்பும். விமானத்தின் வாலிலும் நிமிர்ந்த சுக்கான் ஒன்று உண்டு. விமானி அதைக் கால்மிதிகளால் அசைக்கிறார். ஆனால் வானத்தில் ஒழுங்காகத் திரும்ப அது மட்டும் போதாது. வளைவில் சைக்கிள் சாய்வதுபோல விமானமும் சாய வேண்டும்.

விமானியின் முன்னால் கைபிடிச் சக்கரம் ஒன்று இருக்கும். எயார்பஸ் ஏ320 போன்றவற்றில் பக்கத்தில் சிறு தடி இருக்கும். அதை இடப்பக்கம் திருப்பினால் இடது சிறகின் பின்னோரத்திலுள்ள தட்டு மேலெழும். வலது சிறகின் தட்டு கீழிறங்கும். இடது சிறகு தாழும், வலது சிறகு உயரும். விமானத்தைத் தூக்கிநிற்கும் காற்றின் விசையும் இடப்பக்கம் சரியும். அந்த விசைதான் விமானத்தை இழுத்துத் திருப்புகிறது. மூக்கு வழி விலகாமல் பார்ப்பதே சுக்கானின் வேலை. சக்கரத்தைத் தன்பக்கம் இழுத்தால் வாலிலுள்ள கிடைத்தட்டுகள் மேலெழுந்து வாலை அமுக்கும், மூக்கு நிமிரும். முன்னே தள்ளினால் மூக்கு தாழும்.

பெரிய விமானங்களில் இத்தட்டுகளை அசைக்கக் கைப்பலம் போதாது. குழாய்களில் அழுத்தத்துடன் ஓடும் திரவமே அசைக்கிறது. 1989 யூலை 19இல், அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிக்காகோ சென்ற டிசி-10 விமானமொன்றின் வால் எஞ்சின் சிதறி, திரவக் குழாய்களை அறுத்தது. சக்கரமும் கால்மிதியும் பயனற்றுப் போயின. கப்டன் அல் ஹேன்ஸ் குழுவினர் சிறகுகளிலிருந்த இரு எஞ்சின்களின் வலுவை மாறிமாறிக் கூட்டிக் குறைத்தே விமானத்தைச் சரித்துத் திருப்பி, சூ சிற்றி விமான நிலையம்வரை கொண்டு சேர்த்தனர். தரையைத் தொட்டபோது விமானம் உடைந்தது. 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர்.

சிறகுக்குச் சற்றுப் பின்னால் யன்னலோர இருக்கை கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முதலில் தட்டு எழும், பிறகு சிறகு தாழும். வேண்டிய அளவு சரிந்ததும் தட்டு மட்டத்துக்கு வந்துவிடும். பயணிகள் விமானத்தைப் பொதுவாக 30 பாகைக்கு மேல் சரிப்பதில்லை. விமானம் விழவில்லை, திரும்புகிறது.