கரண்டி உங்கள் கையில்

மாணவர்களே, சத்தான மதிய உணவுக்கு நிறைய செலவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெஞ்சாரோம் நாசி சம்பூர் அங்காடியிலேயே அதைப் பெறலாம் என்பது என் கருத்து. 5 ரிங்கிட்டுக்கு மேற்போகாத ‘மெனு ரஹ்மா’ சாப்பாடும் 2023 ஜனவரி முதல் நாட்டில் உண்டு. விலையைவிட அளவே முக்கியம்.

‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்கிறது சுகாதார அமைச்சு. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது தௌஹூ. மீதிப் பாதி காய்கறி, பழம்.

சோற்றைக் குறைத்தால் பசிக்காதா? காய்கறியின் நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்குகிறது. குளுக்கோஸ் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது.

கங்கோங் கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை. எலுமிச்சையின் வைட்டமின் சி அதற்குத் துணை செய்யும். தேநீரின் டானின் தடுக்கும். ஆகவே சாப்பாட்டோடு தே ஆயிஸ் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். சீனியும் குறையும், காசும் மிச்சம். குழம்பையும் அளவாக ஊற்றுங்கள்; உப்பும் எண்ணெயும் அதில்தான் அதிகம்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறத்தாழ ஆறில் ஒருவர்! நோய் வந்தபின் மருந்தை எண்ணி விழுங்குவதைவிட, இப்போதே சோற்றை அளந்து போடுவது எளிது.

நாளை அங்காடிக்குப் போனால், முதலில் காய்கறியால் பாதித் தட்டை நிரப்புங்கள். பிறகு சோற்றுப் பக்கம் போங்கள்.