ஆமை புகுந்த வீடு

தாம்பரத்தில் மார்கழிக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீனம்பாக்கத்தில் காலையில் 20 டிகிரி என்று செய்தியில் சொன்னதுமே எங்கள் தெருவில் பரணிலிருந்து குரங்குக் குல்லாய்கள் இறங்கிவிடும். பால் வாங்கப் போகிறவர் மஃப்ளருக்குள்ளிருந்து 'குட்மார்னிங்' சொன்னால், ஆள் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படி ஒரு காலையில்தான் என் மைத்துனன் (மனைவியின் தம்பி, யோசனைகளுக்குப் பஞ்சமே கிடையாது) ஒரு செருப்பு டப்பாவோடு வந்து நின்றான்.

"அத்தான், கண்ணை மூடிட்டுக் கையை நீட்டுங்க."

நீட்டினேன். உள்ளங்கையில் கூழாங்கல் மாதிரி ஏதோ ஜில்லென்று உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால், ஆமை! எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுப்பு ஓட்டின்மேல் மஞ்சள் கோடுகள், யாரோ நட்சத்திரக் கோலம் போட்டுப் பழகின மாதிரி.

"அதிர்ஷ்ட ஆமை அத்தான். வீட்டுல வச்சா பணம் கொட்டுமாம். தெரிஞ்சவர் மூலமா கிடைச்சுது."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா!"

"அது நிஜ ஆமை இல்லை அத்தை! கல்லாமை, பொறாமை, முயலாமை... அந்த ஆமைகளைத்தான் பெரியவங்க சொன்னாங்க" என்று மைத்துனன் பட்டிமன்றத்தில் இறங்கினான்.

தீர்ப்பு சொல்வதற்குள், நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் பெயரே வைத்துவிட்டாள், 'வைகை' என்று. வைகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். எங்கள் வைகையோ விட்ட இடத்திலேயே இரண்டு நாள் நின்றது.

பாலில் பிரெட் வைத்தோம். தொடவில்லை. தயிர்சாதம் வைத்தோம். ஊஹும். அம்மாவே பழமொழியை மறந்துவிட்டு, கோயில் வெண்பொங்கலில் ஒரு உருண்டை கொண்டுவந்து வைத்தாள். வைகை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அடக்கத்துக்கு ஆமையை உதாரணம் காட்டினார் வள்ளுவர். ஆனால் இவ்வளவு அடக்கம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மைத்துனன் புதுத் தகவலோடு வந்தான்.

"கவலையே படாதீங்க அத்தான். குளிர்காலத்துல ஆமை தூங்குமாம். வெளிநாட்டுல ஃபிரிட்ஜுல வச்சுடறாங்களாம். 5 டிகிரி. ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்தா ஜம்முனு நடக்குமாம்!"

அவன் விட்டது ரீல் இல்லை. ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஆமை இனங்களை நிஜமாகவே அப்படி வைக்கிறார்கள். ஆனால் என் மனைவி ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"இட்லி மாவு வைக்கிற இடத்துல ஆமையா? என் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது!"

அன்று வைகை பிழைத்தது இட்லி மாவின் புண்ணியத்தில்தான். அது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை மகள் ஓடிவந்தாள். "அப்பா, வைகை மூக்குல குமிழி குமிழியா வருதுப்பா."

போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் ஜோக் அடிக்கவில்லை.

கால்நடை டாக்டர் ஆமையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கே வச்சிருந்தீங்க?"

"ஹால்ல சார். மொசைக் தரையில."

"உங்களுக்குத் தலையில குல்லாய் இருக்கு. இதுக்கு?"

பிறகு விளக்கினார். ஆமைக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெயிலிடம் கடன் வாங்கித்தான் அது நடக்கவேண்டும், சாப்பிட்டதைச் செரிக்கவேண்டும், நோயோடு சண்டை போடவேண்டும். அதிலும் இது நட்சத்திர ஆமை. வறண்ட புதர்க்காட்டில் பிறந்தது. ஐரோப்பிய ஆமை மாதிரி குளிர்காலத் தூக்கம் இதற்குக் கிடையாது. "ஃபிரிட்ஜுல வச்சிருந்தா அதுதான் சமாதி" என்றார்.

ஜன்னல் ஓரம் வைத்தால் போதுமா என்றேன். போதாதாம். கண்ணாடி வழியாக வெளிச்சம் வருமே தவிர, ஓடு வளரத் தேவையான புற ஊதாக் கதிர் வராது. நேர் வெயில் வேண்டும். அது இல்லாமல் வளரும் குட்டிக்கு ஓடு மெத்தென்று கோணலாகிவிடும். சாப்பாடு? புல், செம்பருத்தி இலை, பூ. பால், பிரெட், வெண்பொங்கல் எல்லாம் விஷம் மாதிரி.

ஊசி போட்டார். "டப்பாவோட ஒரு முனையில மட்டும் பல்பு கட்டுங்க. மறுமுனை குளிர்ச்சியாவே இருக்கட்டும். எங்கே இருக்கணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும். இது இன்னிக்கு ராத்திரிக்கு. நாளைக்குக் காலையில முதல் வேலையா வனத்துறைக்குப் போன் பண்ணுங்க."

"எதுக்கு சார்?"

"இதை வீட்டுல வச்சிருக்கிறதே குற்றம்."

1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். 2023 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு! குறைந்தபட்சம் 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பணம் கொட்டும் என்று சொன்ன மைத்துனனின் தலை சட்டைக் காலருக்குள் போன வேகத்தில் வைகையே தோற்றுவிட்டது.

இவனைப் போன்ற அதிர்ஷ்டப் பிரியர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே விமான நிலையம். 2021இல் அங்கே தாய்லாந்துக்குப் போகவிருந்த சரக்கில் 'உயிருள்ள நண்டு' என்று எழுதியிருந்தது. சுங்கத்துறையினர் திறந்து பார்த்தால், உள்ளே 2,000க்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகள்!

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். டப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா, தன் கம்பளியைத் தரையில் விரித்து உட்கார்ந்திருந்தாள். "பல்பு ப்யூஸ் போயிடுச்சுன்னா?" என்றாள்.

விடிந்ததும் வைகை ஒரு செம்பருத்தி இதழைக் கடித்தது. மகள் கைதட்டினாள். நான் போனை எடுத்தேன்.

"ராத்திரி நன்மங்கலம் காட்டுல விட்டுடலாம் அத்தான். யாருக்கும் தெரியாது" என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

வந்த வனத்துறைக்காரரிடம் அதையும் கேட்டுவிட்டேன். "சளி பிடிச்ச ஆமையைக் கண்ட இடத்துல விட்டா, காட்டுல இருக்கிற நல்ல ஆமைக்கும் ஒட்டிக்கும் சார். தனியா வச்சுப் பார்த்து, தேறினப்புறம்தான் முடிவு பண்ணணும்" என்றார். யார் விற்றது, எங்கே, எவ்வளவு என்று மைத்துனனை அரை மணி நேரம் விசாரித்து எழுதிக்கொண்டு, எங்களிடமும் கையெழுத்து வாங்கினார்.

மகள் டப்பாவை விடவில்லை. "நான் பெரியவளாகிற வரைக்கும் வச்சுக்கிறேனே?"

அவளுக்கு அத்வைதாவின் கதையைச் சொன்னேன். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 2006இல் செத்துப்போன பெரிய ஆமை. ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்று சொல்வார்கள். கிளைவ் போனார். கம்பெனி போயிற்று. வெள்ளைக்காரனே போய்விட்டான். ஆமை மட்டும் இருந்தது, கூண்டுக்குள்ளேயே.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப என் பேத்தி வைகையைப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். காட்டுல."

டப்பாவைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் அம்மாவைச் சீண்டினேன். "உன் பழமொழி சரிதாம்மா. முதல்ல ஆமை வந்தது, பின்னாலயே அமீனாவும் வந்துட்டார்."

அம்மா சிரிக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த பல்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"இல்லடா. ஆமை புகுந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை. வீடு புகுந்த ஆமைதாண்டா உருப்படாது."