தெரிவு யாருடையது?

நமது சமுதாயம் பெண்ணுக்கு வழங்கும் அறிவுரைகளுட் பெரும்பாலானவை அவளைக் கேளாமலே வழங்கப்படுபவை. அவள் எதைப் படிக்க வேண்டும், எங்கே தொழில் பார்க்க வேண்டும், யாரை மணக்க வேண்டும் என்பன யாவும் அவள் வாய் திறக்குமுன்னரே தீர்க்கப்பட்டு விடுகின்றன. அப்பெண் ஓட்டிசமுடையவள் என்று தெரியவந்தாலோ அறிவுரை ஆணையாகவே மாறிவிடுகின்றது. அண்மையில் எமக்கு நேர்ந்த ஓர் அனுபவமே இதனை எழுதத் தூண்டியது. அவ்வனுபவத்தில் நாமும் குற்றவாளிகளாகவே நிற்கின்றோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி, பத்தாந் தரத்தில் ‘மழைநாள்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதினாள். ஏனையோர் முகிலையும் மின்னலையும் மயிலையும் வருணித்தனர். அவளோ பாடசாலை வாசலிலுள்ள மதகைப் பற்றி எழுதினாள். மதகுக் குழாயின் வாய் வாய்க்காலின் தரைமட்டத்திலும் உயரமாக வைக்கப்பட்டிருந்தமையால் வெள்ளம் வடியாதிருப்பதையும், மழை விட்டபின் எத்தனை நாள் நீர் தேங்கி நின்றது என்பதையும், அதனால் நுளம்பு பெருகுவதையும் நிரலாகக் குறித்திருந்தாள். ‘கற்பனை வளம் போதாது’ என்று சிவப்பு மையினால் எழுதி, நாற்பது புள்ளி இட்டோம். வகுப்பில் அவள் அதிகம் பேசாள். இடைவேளையிற் கூட்டத்தோடு சேராள். ‘அடக்கமான பிள்ளை’ என்று ஆசிரியர் யாவரும் பாராட்டினோம்.

இன்று அவள் ஒரு பொறியியற்பீட மாணவி. அவளுக்கு ஓட்டிசம் உண்டென்பதை இருபது வயது கடந்த பின்னரே மருத்துவர் கண்டறிந்து கூறினார். பொறியியற்பீடங்களில், முதலிற் பொதுப் பாடங்களைக் கற்று, அவற்றிற் பெற்ற புள்ளிகளின்படி சிறப்புத் துறையைத் தெரிதல் பெருவழக்கு. அவள் விரும்பியது குடிசார் பொறியியல். அதிலும் நீர் வழங்கலும் வடிகாலமைப்பும். புள்ளிகளும் இடங்கொடுத்தன. ஆயினும் வீட்டார் ‘கணினி’ என்றனர். உற்றாரும் ‘கணினி’ என்றனர். விரிவுரையாளர் ஒருவர், கட்டட வேலைத்தளத்தின் இரைச்சலையும் ஆண் தொழிலாளரையும் காட்டி, ‘கணினியே உமக்குப் பாதுகாப்பு’ என்றார். ஈற்றில் எம்மிடம் வந்தாள். “கணினி எண்டால் ஆக்களோடை கதைக்கத் தேவையில்லைத்தானே, பிள்ளை” என்று நாமும் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவள் கூறினாள்: “ரீச்சர், எல்லாரும் என்னைப் பாத்துத்தான் துறை சொல்லினம். ஒருத்தரும் துறையைப் பாத்துச் சொல்லேல்லை.”

இதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஓட்டிசம் என்பது நோயன்று. பிறப்பிலிருந்தே மூளை வளரும் விதத்தில் அமைந்த வேறுபாடு. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைப் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ உணர்தல், பிறரோடு உறவாடும் முறையில் வேறுபாடு, குறித்த சிலவற்றில் ஆழ்ந்த ஈடுபாடு, எதிர்பாராத மாற்றத்தினாற் கலங்குதல் முதலியன ஆளுக்காள் வெவ்வேறு அளவிற் காணப்படும். தமிழில் இதனை ‘மதியிறுக்கம்’ என்று எழுதுவாருமுளர். மதி இறுகியது என்று பொருள்படும் அச்சொல் தீர்ப்பொன்றைத் தன்னுள்ளே கொண்டிருத்தலின் நாம் அதனை ஆள்வதில்லை. இலங்கையில் இது அரிதான தொன்றுமன்று. 2009 இல் வெளியான ஆய்வொன்று, நகர்சார்ந்த ஒரு பிரதேசத்தின் சிறு குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவரிடம் இதனைக் கண்டது.

அவ்வாறாயின், இப்பெண்ணின் ஓட்டிசம் இருபது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமற் போனதேன்? 1943 இல் லியோ கானர் அமெரிக்காவில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் எண்மர் ஆண்கள். 1944 இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் விரித்துரைத்த நால்வரும் சிறுவரே. இவ்வாறு, ஓட்டிசத்தின் முகம் ஓர் ஆண்பிள்ளையின் முகமாகவே மருத்துவ நூல்களிற் பதிந்துவிட்டது. பெண்ணொருத்திக்கு நால்வர் ஆண்கள் என்று நெடுங்காலம் கூறிவந்த கணக்கை 2017 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று திருத்தியது. விகிதம் மூன்றுக்கு ஒன்றை அண்மித்தது என்றும், பெண்பிள்ளைகள் பலர் கண்டறியப்படாமல் விடப்படுகின்றனர் என்றும் அது காட்டிற்று. நம்மவரிடையே இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு இலக்கணம் வகுத்த சமுதாயம், பேசாப் பெண்ணைக் கண்டு ஏன் பேசவில்லை என்று கேட்குமா? அவளது மௌனத்துக்குப் பரிசல்லவா வழங்கும்! பிறரைப் பார்த்து அவர்போல நடித்து, மாலையில் வீடு சேர்ந்ததும் களைத்து விழும் பிள்ளையின் துன்பம் ‘அடக்கம்’ என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றது. அச்சொல்லை நாமும் அவளது முன்னேற்ற அறிக்கையில் ஆண்டுதோறும் எழுதினோம்.

இத்தகைய பெண்ணைப் பற்றி இன்று இரு சாரார் பேசுகின்றனர். ஒரு சாரார், இவளுக்குப் பொறியியல் எதற்கு என்று கேட்பவர்கள். மறுசாரார், ஓட்டிசமுடையோர் யாவரும் கணிதத்திற் பிறவி மேதைகள், கணினிக்கென்றே பிறந்தவர்கள் என்று புகழ்பவர்கள். முன்னவரைப் பிற்போக்காளர் என்று எளிதில் இனங்காண்கின்றோம். பின்னவரை முற்போக்காளர் என்று மயங்கிவிடுகின்றோம். நுணுகி நோக்கின் இரு சாராரும் செய்வது ஒன்றே. மனிதப்பிறவி ஒன்றை நோக்காது, ஒரு பெயரை நோக்கித் தீர்ப்பளிக்கின்றனர்.

அமெரிக்கரான ரெம்பிள் கிராண்டின் 1947 இற் பிறந்தவர், ஓட்டிசமுடையவர். கால்நடைகளை அச்சுறுத்தாது நடத்திச் செல்லும் வளைந்த ஒழுங்கைகளையும் தொழுவங்களையும் வடிவமைத்து, அத்தொழிலின் போக்கையே மாற்றியவர். அவர் படங்களாற் சிந்திப்பவர். இயற்கணிதம் தமக்கு வசப்படவில்லை என்பதை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவர் கலாநிதிப் பட்டம் பெற்றதும் விலங்கு விஞ்ஞானத்திலேயே. ஓட்டிசமென்றாற் கணினியே என்போர் இளமையில் அவரைக் கண்டிருந்தால் எந்த அறையில் இருத்தியிருப்பர்? நம் மாணவியையும் கிராண்டினோடு ஒப்பிட்டு நாம் வாதாடவில்லை. அவள் மேதையாக இருத்தல் வேண்டியதில்லை. சாதாரண ஆண்மகன் ஒருவன் சாதாரணப் பொறியியலாளனாகத் தொழில் புரிய உரிமை பெற்றிருப்பது போல, அவளும் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வளவே.

கணினித் துறையில் மனிதரோடு பேச வேண்டியதில்லை என்ற கூற்றும் ஆராயத்தக்கது. மென்பொருள் தனியொருவர் ஆக்கும் பொருளன்று. நாள்தோறும் கூட்டம், தடுப்பில்லாத பெருமண்டபத்தில் இருக்கை, அடிக்கடி மாறும் கட்டளைகள், நெருக்கும் தவணைகள் என்பன அத்தொழிலிற் சாதாரணமானவை. குடிசார் பொறியியலிலோ வேலைத்தளம் மட்டும் இருக்கவில்லை. மண் பரிசோதனை உண்டு. மழைவீழ்ச்சிப் பதிவும் நீரோட்டக் கணிப்பும் உண்டு. வரைபடமும், எழுத்தில் வகுத்த நியமங்களும் உண்டு. கணினியை விரும்பும் ஓட்டிசப் பெண் கணினியைக் கற்கட்டும். அதனை நாம் குறை கூறவில்லை. ஒதுக்கிவைப்பதற்குரிய மூலையாக ஒரு துறையைக் கருதுவதையே மறுக்கின்றோம்.

இந்த அறிவுரையின் பொருளாதார அடிப்படையையும் கூறாது விடலாகாது. வீட்டிலிருந்தே உழைக்கலாம், அந்நிய நாட்டு நிறுவனத்தின் சம்பளம் வரும், ஊரார் கண்ணிற் படமாட்டாள், கலியாணப் பேச்சுக்கு இடையூறில்லை என்ற கணக்கு அதன் அடியில் உள்ளது. ஓட்டிசம் வெளியே தெரிந்தாற் சீதனம் இருமடங்காகும் என்று அஞ்சும் பெற்றோரை நாம் அறிவோம். அவர்களை வெறுப்பதனாற் பயனில்லை. பெண்ணுக்கு விலை பேசும் சந்தை இருக்கும்வரை இவ்வச்சமும் இருக்கும். ஆனால் அச்சத்தைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைத்தலாகாது.

பல்கலைக்கழக வாயிலில் இழைக்கப்படும் அநீதி என்னவென்று நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1971 இல் பேராதனைப் பொறியியற்பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவரிடம் 250 புள்ளியும், சிங்களமொழி மூல மாணவரிடம் 227 புள்ளியும் கேட்கப்பட்டமை இன்றும் மறக்கப்படவில்லை. தகுதி இருந்தும், பிறப்பைக் காட்டி வாயிலை அடைத்தனர் என்று கொதித்தோம். அக்கொதிப்பு நியாயமானது. அதே சமுதாயம், தகுதியால் உள்ளே சென்றுவிட்ட தன் மகளிடம், பிறப்பில் வந்த வேறுபாட்டைக் காட்டி, விரும்பிய துறையின் கதவை அடைப்பது எவ்வகை நியாயம்?

பொறியியல் மக்களின் உயிரோடு தொடர்புடையது. அங்கே இரக்கத்துக்கு இடமில்லை என்று சிலர் வாதிப்பர். இரக்கத்தை யார் கேட்டார்? பரீட்சையின் தரத்தைக் குறைக்குமாறு நாம் கோரவில்லை. அதனை எழுதும் அறை அமைதியானதாக இருக்கட்டும் என்கின்றோம். ஆய்வுகூடத்திலும் களத்திலும் கட்டளைகள் வாய்மொழியாக அன்றி எழுத்தில் வழங்கப்படட்டும் என்கின்றோம். வாய்மொழிக் கட்டளையைத் தவறாக விளங்கிக்கொள்வதால் விபத்து நேரலாம் என்பதை எந்த மேற்பார்வையாளரும் ஒப்புக்கொள்வார். காதுக்காப்பு அவளுக்கு மட்டுமா வேண்டும்? நாள் முழுதும் கொங்கிறீற் கலக்கும் தொழிலாளிக்கும் வேண்டியதல்லவா? அவளுக்காகக் கேட்கப்படுவனவற்றுட் பல, தொழிலாளர் யாவருக்கும் உரியனவாகி இன்னும் வழங்கப்படாதவையே.

கூட்டுச் செயற்றிட்டங்களில் அவளால் ஒத்திசைய முடியாது என்பது மற்றொரு வாதம். 2012 இல், தாமே ஓட்டிசமுடையவரான டேமியன் மில்ற்றன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓட்டிசமுடையோர் ஏனையோரை விளங்காதது போலவே ஏனையோரும் அவர்களை விளங்குவதில்லை. குறை இருபுறத்தது என்பதே அது. கூட்டுவேலையில் யார் எதனைச் செய்வது என்பதை முதல்நாளே எழுதி வகுத்தாற் பாதிச் சிக்கல் தீரும். மேலும், எமது மாணவி பதினான்கு ஆண்டுகள் தமிழிற் கற்று, பொறியியலை ஆங்கிலத்திற் கற்பவள். குறிப்பாகப் பேசப்படுவதை உள்ளபடியே பொருள்கொள்ளும் ஒருத்திக்கு இது இரட்டைச் சுமை என்பதை எவராவது எண்ணிப் பார்த்தனரா?

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவன அனுமதியிலும் தொழிலிலும் பாரபட்சத்தைத் தடுக்கின்றது. உயர்கல்வியில் உரிய வசதிகளை வழங்க வேண்டுமெனக் கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது. ஆனால், புதிய மாணவியைச் சூழ்ந்து நின்று கூச்சலிட்டு, விடையில்லாக் கேள்விகளைக் கேட்கும் ‘மரபு’ இன்னும் ஒழியவில்லை. ஒலியினால் உடல் நோகும் பிள்ளைக்கு அது விளையாட்டன்று, வதை. இதனை எதிர்த்து முதலிற் குரலெழுப்ப வேண்டியவர்கள் இடதுசாரி மாணவர்களே.

ஆகவே நாம் கேட்பவை சிலவே. துறையைத் தெரியுமுன் ஒவ்வொரு துறையின் ஆய்வுகூடத்தையும் களத்தையும் மாணவர் சில நாள் நேரிற் கண்டு பழக வழி செய்க. கைத்தொழிற் பயிற்சிக்கு அனுப்பும் இடத்தின் தன்மையை முன்கூட்டியே அறிவிக்க. ஓட்டிசத்தை வெளியிடுவதும் மறைப்பதும் அவளது விருப்பம் என ஏற்க. ஈற்றில், அவள் தெரிந்த பின் அத்தெரிவை மதிக்க. தவறித் தெரிந்தால்? ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் தவறித் தெரிந்து, பின் வேறு தொழிலுக்குச் சென்று, நன்றாகவே வாழ்கின்றனர்! தவறும் உரிமை அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

இவ்வசதிகளை நாடு தாங்குமா என்று கேட்போருக்கு ஒன்று கூறுவோம். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு அன்று பணிந்திருந்தால், இவ்விதழைப் படிப்போருட் பலர் இதனைப் படித்திருக்கவே மாட்டோம்.

எமது மாணவி விண்ணப்பப் படிவத்தில் முதலிடத்திற் குடிசார் பொறியியலையே எழுதிக் கொடுத்துவிட்டாள். பாடசாலை வாசலில் அம்மதகு இன்றும் அவ்வாறே இருக்கின்றது. மாரி தோறும் நீர் தேங்குகின்றது. பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு கடக்கின்றனர். பல்லாண்டுகளாக அவ்வழியே நடந்த ஆசிரியர்களுள் ஒருவரேனும் குழாயின் மட்டத்தைக் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தவளுக்கு நாற்பது புள்ளி இட்டவர்கள் நாம். அடுத்த முறை ஒரு பிள்ளை மழையைப் பாடாது மதகை எழுதினால், சிவப்புப் பேனையை எடுக்குமுன் வாசலுக்குச் சென்று பார்த்துவிட்டு வருவோமாக.