95 எடுத்த பிள்ளைக்கு 62 ஏன்?

பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு 95 வாங்கிய பிள்ளை. கேக் வெட்டி, ஜெபம் செய்து, தம்மாம் விமான நிலையத்தில் கண்ணீரோடு இங்கிலாந்துக்கு வழியனுப்புகிறோம். மூன்று மாதம் கழித்து முதல் கட்டுரைக்கு 62 வருகிறது. வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு, பிள்ளை போனை எடுப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, "அங்கே என்னதான் படிக்கிறாள்?" என்று அம்மாவிடம் கேட்கிறார். குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 400 ரியால் என்று இக்காமாவுக்குக் கட்டிவிட்டு, அதற்கு மேல் கல்லூரிக் கட்டணமும் அனுப்புகிற வீட்டில் அப்படிக் கேட்பது இயல்புதான்.

முதலில் அந்த 62ஐப் புரிந்துகொள்வோம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் 40 எடுத்தால் தேர்ச்சி. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, 'டூ-ஒன்' என்பார்கள். 70ஐத் தொட்டால் ஃபர்ஸ்ட் கிளாஸ். கலை, சமூக அறிவியல் பாடங்களில் 80 என்பது அபூர்வம். அப்படிப் பார்த்தால் 62 நல்ல மார்க். ஊரிலிருந்து கேட்கிற பெரியம்மாவுக்கு இதை விளக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் 62ஐ 72 ஆக்குவது எப்படி என்பது நியாயமான கேள்வி. ராத்திரி கண்விழித்து இன்னும் நாலு புத்தகம் படித்தால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். படிக்கிறார்கள்; 63 வருகிறது.

காரணம் இருக்கிறது. சிபிஎஸ்இ விடைத்தாளைத் திருத்துகிறவர் கையில் 'வேல்யூ பாயிண்ட்' பட்டியல் ஒன்று இருக்கும். அந்தக் குறிப்புகள் விடையில் இருந்தால் மார்க். பன்னிரண்டு வருடம் இப்படிப் பழகிய பிள்ளை, தெரிந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைப்பதுதான் கட்டுரை என்று நம்பிப் போகிறது. பல்கலைக்கழக ஆசிரியர் தேடுவது வேறு. தகவல் அவருக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு நீ என்ன சொல்கிறாய், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

நம் ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். "தம்மாம் நகரத்தை உருவாக்கியது எண்ணெய்தானா?" என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள்.

62 வாங்கும் கட்டுரை இப்படிப் போகும்: தம்மாம் ஒரு சிறிய மீனவர் குடியிருப்பாக இருந்தது. 1933ல் அமெரிக்க நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் உரிமை கிடைத்தது. முதல் ஆறு கிணறுகள் ஏமாற்றின. 1938 மார்ச்சில் தம்மாம் 7ஆம் எண் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் வந்தது. 1951ல் தம்மாம்–ரியாத் ரயில் ஓடத் தொடங்கியது. நகரம் வளர்ந்தது. எண்ணெய்தான் காரணம். முற்றும்.

ஒரு வரியும் தவறில்லை. ஆனால் கேள்விக்குள் கட்டுரை இறங்கவே இல்லை.

72 வாங்கும் கட்டுரை முதல் பத்தியிலேயே ஒரு பக்கம் சாயும். 7ஆம் எண் கிணறு பெயரில்தான் தம்மாம், இருப்பது தஹ்ரானில். அப்படியானால் பெருநகரம் ஏன் கிணற்றைச் சுற்றி வளராமல் கடலோரத்தில் வளர்ந்தது? துறைமுகமும் அதிலிருந்து ரியாத்துக்குப் போன ரயிலும்தான் இடத்தைத் தீர்மானித்தன என்று அந்த மாணவி வாதிடுவாள். அதோடு விடமாட்டாள். "எண்ணெய்ப் பணம் இல்லாமல் ரயில் எங்கிருந்து வந்திருக்கும்?" என்று தன்னையே மடக்குவாள். அதற்குப் பதில் எழுதும்போது அவள் வாதம் கூர்மையாகும்: பணத்தைக் கொடுத்தது எண்ணெய், இடத்தைக் கொடுத்தது கடல். அதே தேதிகள், அதே தகவல்கள்தான். இங்கே ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. வேலை செய்யாத தகவலை அவள் வெட்டிவிட்டாள்.

அவள் சொன்னது சரியா தவறா என்று இன்னொருவர் வாதாடலாம். வாதாட இடமிருப்பதால்தான் அது கட்டுரை.

இந்த வகை எழுத்து நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். திருநெல்வேலிக்காரர்களுக்கு இடையன்குடி கோயிலைக் கட்டியவராகக் கால்டுவெல் ஐயரைத் தெரியும். அவர் 1856ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெறும் சொல் பட்டியலாக இருந்திருந்தால் இன்று அதை யாரும் நினைக்கமாட்டார்கள். தமிழும் அதன் இன மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று அந்நாளில் பெரிய அறிஞர்களே சொல்லிவந்தார்கள். அந்தக் கருத்தை எடுத்துவைத்து, மூவிடப் பெயர்களையும் எண்ணுப் பெயர்களையும் இலக்கண அமைப்பையும் ஒவ்வொன்றாகக் காட்டி அவர் மறுத்தார். தமக்கு முன் 1816லேயே எல்லிஸ் இதைச் சொல்லியிருந்தார் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு தம் புத்தகத்தையே திருத்தி விரித்து 1875ல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். வாதம், எதிர்வாதம், சான்று, முன்னோருக்குரிய மரியாதை, திருத்தம்: ஃபர்ஸ்ட் கிளாஸ் கட்டுரைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் பிள்ளை இப்படிப் பழக இடமிருக்கிறதா? "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று வளர்க்கிறோம். நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் அதே பிள்ளையிடம் பல்கலைக்கழகம், "இந்தப் பேராசிரியர் எழுதியதில் உனக்கு உடன்பாடு இல்லாத இடம் எது?" என்று கேட்கிறது. பிள்ளை திகைக்கிறது. மரியாதையாக மறுப்பது என்று ஒன்று உண்டு என்பதை அது எங்கும் பார்த்ததில்லை. கூடுகைகளிலும் மனப்பாட வசனப் போட்டி, வேத வினாடி வினா, இவற்றுக்குத்தான் பரிசு. வசனத்தை மனதில் வைப்பது வாழ்நாள் ஆஸ்தி. அதை யாரும் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் யோபுவின் நண்பர்கள் சொன்னதில் எது சரி, எது தவறு என்று கேட்டால் பதினேழு வயது வாலிபன் ஐந்து நிமிடம் பேச வேண்டாமா? பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டத்தானே செய்கிறது?

இனிக் கொஞ்சம் கசப்பான பேச்சு. 62ஐப் பார்த்துப் பயந்த பிள்ளையின் போனுக்கு விளம்பரம் வந்துவிடும்: "உங்கள் கட்டுரையை நாங்கள் எழுதித் தருகிறோம், ஃபர்ஸ்ட் கிளாஸ் உறுதி." இந்தத் தொழிலை இங்கிலாந்து 2022ல் சட்டப்படி குற்றமாக்கியது, ஆனாலும் விளம்பரம் நின்றபாடில்லை. இப்போது சாட்ஜிபிடி வேறு, காசில்லாமலே எழுதித் தருகிறது. பிடிபட்டால் பூஜ்யம் மட்டுமல்ல, படிப்பே போகலாம். படிப்பு போனால் மாணவர் விசாவும் போகும். பிடிபடாவிட்டாலும் ஒரு நஷ்டம் உண்டு: யோசிக்கக் கற்றுக்கொள்ளத்தானே அவ்வளவு தூரம் அனுப்பினோம்? அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வருகிற 72ஐ எந்த நாக்கால் சாட்சி சொல்வது? வீட்டில் 62க்கு எவ்வளவு பயமோ, அந்த விளம்பரத்துக்கு அவ்வளவு வியாபாரம்.

நேரான உதவி நிறையவே இருக்கிறது. நம் பிள்ளைகள்தான் வெட்கப்பட்டுப் போவதில்லை. கட்டுரையோடு ஆசிரியர் எழுதித் தரும் குறிப்பை மார்க்கைப் பார்த்ததும் மூடிவிடாமல், "இது விவரணை மட்டுமே" என்று எங்கே எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். அந்தப் பத்தியில்தான் மார்க் நின்றுபோயிருக்கிறது. அந்த ஒரு பத்தியைத் திருப்பி எழுதி, அவர் மாணவரைச் சந்திக்கும் நேரத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பல பல்கலைக்கழகங்களில் ராயல் லிட்டரரி ஃபண்ட் என்ற அமைப்பு 1999 முதல் எழுத்தாளர்களை அமர்த்துகிறது. மாணவரோடு தனியே உட்கார்ந்து எழுத்தைப் பற்றிப் பேசுவதுதான் அவர்கள் வேலை, கட்டணம் இல்லை. கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே முதல் வரைவை முடித்து, இரண்டு நாள் தொடாமல் வைத்து, பிறகு சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியம் தானாகத் தெரியும். சென்னையிலோ பாளையங்கோட்டையிலோ படிக்கிறவர்களுக்கும் இதில் எதுவும் மாறப்போவதில்லை.

டிசம்பரில் பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள். அந்த மாத வாலிபர் கூடுகையில் வினாடி வினாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, ஒரே ஒரு கேள்வியை இரண்டு அணிகளுக்குக் கொடுப்போம். பாதி நேரத்தில் அணிகள் பக்கம் மாறி, சற்றுமுன் தாங்கள் மறுத்ததையே ஆதரித்துப் பேச வேண்டும். "மகன் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறானே" என்று எந்த அம்மாவும் கவலைப்பட வேண்டாம். நடுவராக ஒரு மூப்பரையே உட்கார வைத்துவிடலாம்.