உயிரோடிருப்பவரின் மானம்

ஏற்காட்டில் ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் காதில் விழும் செய்தியை நாம் அப்படியே நம்புவதில்லை. விக்கிப்பீடியாவில் கண்டால் மட்டும் நம்பிவிடுகிறோம். 2022 செப்டம்பர் 4 அன்று, துபாயில் பாகிஸ்தானுடனான ஆட்டத்தில் ஒரு கேட்சைத் தவறவிட்டார் அர்ஷ்தீப் சிங். உடனே யாரோ அவருடைய பக்கத்தில் காலிஸ்தானோடு அவரை முடிச்சுப் போட்டார். சீக்கியர் என்பதே அதற்குப் போதுமானதாயிற்று. நாளை நம் பிள்ளைக்கும் இது நேரலாம். சுமார் 15 நிமிடங்களில் அது நீக்கப்பட்டது. படமாக எடுக்கப்பட்ட பொய்யோ கைபேசிகளில் சுற்றிக்கொண்டேயிருந்தது.

உயிரோடிருப்பவரைப் பற்றிய சான்றற்ற சர்ச்சை வரியை, விவாதத்துக்குக் காத்திராமல் நீக்க வேண்டும் என்பதே அங்குள்ள விதி. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனமும் செய்தியை விசாரித்தறியவே பணிக்கிறது. ஆகவே பகிராமல், உரையாடல் பக்கத்தில் நூலோ நாளிதழோ காட்டி மறுப்பதே நம் கடமை. ஆனால் நாம் நேசிக்கும் ஆலிமின் பக்கத்தில் ஆதாரமற்ற புகழ்ச்சி நீக்கப்பட்டால் ஏன் சினக்கிறோம்? புகழுக்கும் அதே ஆதாரம் வேண்டும். அவரும் அதைத்தான் விரும்புவார்.