மணி ஏன் என் கூட வர்றான்?



போன மாதம் இதே சுவரில், பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் ‘நாய்கள் வேண்டாம்’ என்று ஒரு கட்டுரை எழுதி ஒட்டியிருந்தார். எல்லோரும் படித்திருப்பீர்கள். பள்ளிக்கூடப் பாதையில் நாயைக் கூட்டி வருகிறவர்களைக் கண்டிக்க வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு முடித்திருந்தார். பேர் போடவில்லை. ஆனால் நம்ம பள்ளிக்கூடத்துக்கு நாயோடு வருகிற ஆள் நான் ஒருத்திதான். அன்னைக்கு எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்தாங்க. ரெண்டு நாள் நான் யார்கூடவும் சரியாப் பேசலை. தமிழ் ஐயாதான், "கோபத்தைத் தூக்கிட்டுத் திரியாதம்மா, எழுதிக் கொண்டா" என்றார். அதான் இந்தத் தாள்.

முதலில் எங்க பாதையைச் சொல்லிவிடுகிறேன். ரோடு வழியா வந்தா எங்க ஊருக்கும் பள்ளிக்கும் ஒன்பது கிலோமீட்டர். காலையில் வருகிற ஒரே பஸ்ஸும் மழை பெய்தால் வராது. குறுக்குப் பாதையில் நடந்தால் நாலு கிலோமீட்டர்தான். காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், மிளகுக்கொடி, ஒரு ஓடை, அதைத் தாண்டி ஒரு சின்ன சோலைக்காட்டு ஓரம், அப்புறம் கமலா ஆரஞ்சுத் தோட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கால் வைத்த இடமெல்லாம் அட்டை. டவுனிலிருந்து வருகிறவர்கள் இதை ‘டிரெக்கிங்’ என்கிறார்கள். அதற்கென்று ஷூ, தொப்பி, கைத்தடி எல்லாம் வாங்கி வருகிறார்கள். நாங்க இதைப் பள்ளிக்கூடம் போறதுன்னு சொல்வோம்.

எட்டாவது வரைக்கும் என் கூட அப்பத்தா வந்தது. பள்ளி கேட் வரைக்கும் விட்டுட்டு, சாயங்காலம் திரும்பவும் வந்து கூட்டிட்டுப் போகும். ஒரு நாளைக்கு நாலு நடை! போன வருஷம் அப்பத்தாவுக்கு முட்டி வீங்கிப் போச்சு. எங்க ஊரிலிருந்து என் வயசுப் பிள்ளைங்க வேற யாரும் இந்தப் பக்கம் படிக்க வரலை. அப்பாவும் அம்மாவும் விடியும்போதே தோட்ட வேலைக்குப் போயிருவாங்க. "பொம்பளப் புள்ளைய அந்தப் பாதையில தனியா எப்படி அனுப்புறது, எட்டாவது படிச்சதே போதும்" என்று வீட்டில் ராத்திரி பேசிக்கொண்டார்கள். நான் போர்வைக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அழுகை வந்தது, ஆனா சத்தம் போடலை.

மறுநாள் காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மணி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, எனக்கு முன்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டான். அப்பத்தா பார்த்துட்டு, "அவன் போறான்ல, இவளும் போகட்டும்டா" என்று அப்பாவிடம் சொன்னது. நான் இன்னிக்கு ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். நாய் வேண்டாம் என்று எழுதுவது சுலபம் அண்ணா. நாய் வேண்டாம் என்றால் நானும் வர முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மணி ஒண்ணும் ஜாதி நாய் இல்லை. 2021-ல் கொரோனா லீவில், மழையில் நனைஞ்சு எங்க விறகு அடுக்குக்குக் கீழே கிடந்த குட்டி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடங்கியிருக்கும். அவ்வளவுதான் அழகு.

அவன்கூட நடக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பாதையையே நான் பார்த்தேன் என்று சொல்வேன். அப்பத்தாகூட வரும்போது "வெரசா நட, வெரசா நட" என்பதே காதில் இருக்கும். மணி அப்படி விடமாட்டான். பத்தடிக்கு ஒருமுறை நின்று எதையாவது மோந்து பார்ப்பான். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் நானும் குனிந்து பார்க்கப் பழகினேன். முள்ளம்பன்றி முள், புனுகுப்பூனை காப்பிப் பழம் தின்னுட்டுப் போட்ட எச்சம், மலை அணில் கடிச்சுப் போட்ட காய். நமக்கு மூக்கில் மணம் அறிகிற செல்கள் சுமார் 50 லட்சம்தான். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நாம் ஒரு வரி படிக்கிற நேரத்தில் அவன் ஒரு புத்தகமே படித்துவிடுவான்!

காதும் அப்படித்தான். நம்ம காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்று ‘ஒலி’ பாடத்தில் படிக்கிறோம். நாய்க்கு 40,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கேட்கும். பாடத்தில் படித்தால் அது இரண்டு மார்க். பனிமூட்டத்தில் நடந்தால்தான் அது என்ன என்று புரிகிறது. கார்த்திகை மாதம் ஒரு காலை, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத பனி. ஆரஞ்சுத் தோட்டத்து வளைவில் மணி சட்டென்று நின்றான். குரைக்கவில்லை. முதுகு முடி மட்டும் சீப்பு மாதிரி எழுந்து நின்றது. நானும் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பனி விலகினால், பாதையின் நடுவே காட்டுமாடு! ஒன்று இல்லை, கன்றோடு ஐந்து. ஆண் காட்டுமாடு 1,000 கிலோ வரைக்கும் இருக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னாடி அரை மணி நேரம் நின்றோம். அன்னைக்கு முதல் பீரியடுக்கு வெளியே நின்றேன். காரணம் கேட்டபோது, "மாடு வழி விடலை டீச்சர்" என்றேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சவங்க யாரும் அந்த வளைவில் நின்னதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் சத்தமாகப் படித்தால் தம்பி கேலி செய்வான். பாதையில் மணி மட்டும்தான். மனப்பாடப் பகுதி, வேதியியல் குறியீடு, இயற்கணித முற்றொருமை எல்லாம் அவனுக்குத்தான் ஒப்பிப்பேன். தப்பாகச் சொன்னாலும் வாலை ஆட்டுவான், அது ஒன்றுதான் குறை. அரையாண்டில் கணக்கில் எனக்குப் பன்னிரண்டு மார்க் கூடியிருக்கிறது. கணக்கு டீச்சரே கேட்டாங்க, டியூஷன் போறியான்னு.

நாயோடு மலை ஏறுவது நான் புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் இமயமலை ஏறிப் போவார்கள். அவர்கள் பின்னாலேயே ஒரு நாயும் போகும். திரௌபதியும் தம்பிகளும் ஒவ்வொருவராக வழியில் விழுந்துவிட, கடைசியில் தருமரும் அந்த நாயும்தான் மிச்சம். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். நம்பி வந்ததை விட்டுட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்றுவிடுகிறார். அப்பத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது மணியின் தலையைத் தடவிக்கொண்டேதான் சொல்லும். தேனி மாவட்டத்தில் மலை அடிவாரத்தில் இருக்கிற கோம்பை என்ற ஊரின் பேரிலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கே பயப்படாத நாய் என்பார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். நம்ம பக்கத்து நாய்க்கு இவ்வளவு மரியாதை இருக்கும்போது, ரோட்டில் பார்த்த உடனே கல் எடுக்கிறோமே, அது எதுக்கு?

இப்போ அண்ணன் எழுதியதற்கு வருகிறேன். அவர் எழுதியதில் பாதி சரி. அதை ஒத்துக்கொள்ள எனக்குத்தான் ரெண்டு நாள் ஆனது.

எங்க ஊரில் ஒரு மாமா இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துக்கு நாயைக் கட்டாமல் கூட்டிப் போனார். நாய் காட்டுமாட்டைப் பார்த்துக் குரைச்சுக்கிட்டே ஓடியது. மாடு திரும்பித் துரத்தியது. பயந்த நாய் எங்கே ஓடும்? எஜமான்கிட்டதான்! நாய் அவர் காலுக்கு இடையே புகுந்து தப்பிச்சிருச்சு. மாடு அவரைத் தூக்கிப் போட்டுவிட்டது. விலா எலும்பு இரண்டு முறிந்து வத்தலக்குண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். செந்நாய்க் கூட்டம் காட்டுமாட்டின் கன்றுகளை வேட்டையாடும். அதனால் குரைத்துக்கொண்டு ஓடி வருகிற நம்ம நாயும் கன்று வைத்திருக்கிற மாட்டுக்கு எதிரியாகத்தான் தெரியும். மாட்டின் மேல் தப்பில்லை. நாய் மேலும் தப்பில்லை. பத்து ரூபாய்க் கயிறு ஒன்று இல்லாததுதான் தப்பு. மணி அன்னைக்குக் குரைக்காமல் நின்றதற்கு அவன் ஞானி என்று காரணம் இல்லை. கயிறு என் கையில் இருந்தது, சின்னதிலிருந்தே நிற்கச் சொல்லிப் பழக்கியிருந்தேன்.

லீவு நாளில் காரில் வருகிற சிலர் பெரிய பெரிய நாய்களைக் கொண்டுவந்து சோலைக்காட்டு ஓரத்தில் அவிழ்த்து விட்டுவிட்டு போட்டோ எடுக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். 2013-லேயே கொடைக்கானல் காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. அதற்குள் அனுமதி இல்லாமல் மனுஷங்களே நுழையக் கூடாது, நாய் எப்படி? கடிப்பது மட்டும் ஆபத்து இல்லை. நாய்களுக்கு வருகிற ‘டிஸ்டம்பர்’ என்ற நோய்க்கிருமி காட்டு விலங்குக்கும் தொற்றும். 2018-ல் குஜராத் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்துப் போனபோது, பலவற்றின் உடம்பில் அந்தக் கிருமிதான் இருந்தது. சிங்கத்துக்கே அப்படி என்றால் நம்ம காட்டுச் செந்நாய்க்கு? அதனால் நானும் மணியும் சோலை ஓரத்தோடு சரி. உள்ளே அவன் இழுத்தாலும் போக மாட்டேன். இருட்டின பிறகும் நடக்க மாட்டோம். சிறுத்தைக்கு நாய் என்றால் ரொம்பப் பிடிக்கும்.

அண்ணனோட தம்பி, ஆறாம் வகுப்புப் பையன், பஸ் ஸ்டாப்பில் நாய்கிட்ட கடி வாங்கினதும் உண்மை. அதனால்தான் அவர் அவ்வளவு கோபமாக எழுதினார் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அன்னைக்கு அவன் காலில் யாரோ மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பினார்களாம்! தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீங்க. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவணும். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஊசி இலவசம். அன்னைக்கு ஒண்ணு, 3, 7, 28-ம் நாளில் ஒவ்வொண்ணுன்னு நாலு தடவை. நடுவில் விடக் கூடாது. வெறிநோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. ஊசி போட்டுக்கொண்டால் வராது. 1885-ல் பிரான்சில் லூயி பாஸ்டர் ஒன்பது வயசுப் பையனுக்கு முதன்முதலில் இந்தத் தடுப்பு மருந்தைப் போட்டார். 1907-லேயே நம்ம நீலகிரியில், குன்னூரில், பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. இவ்வளவு வருஷம் கழிச்சும் நம்ம ஊரில் மிளகாய்ப்பொடி!

மணிக்கு வருஷா வருஷம் ஊசி போடுகிறேன். கால்நடை மருந்தகம் வரை நடந்தே கூட்டிப் போய்விட்டு வருவோம். அந்தச் சீட்டு என் பையில் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன். பள்ளி கேட்டுக்குள் அவன் ஒருநாளும் வந்தது கிடையாது. பெட்டிக்கடைப் பாட்டி வீட்டுக் கொட்டகையில் நாலரை மணி வரை கட்டிக் கிடப்பான். கடைசி மணி அடித்ததும் எழுந்து நிற்பான் என்று பாட்டி சொல்லும்.

2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே, அதே மாதம் 22-ம் தேதி அதை மாற்றியது. வெறிநோய் உள்ளதையும் ஆக்ரோஷமானதையும் தவிர, மற்றதைக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஆகவே தலைமையாசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இது: செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அன்னைக்கு நம்ம பள்ளி மைதானத்தில் ஊர் நாய்களுக்கு ஊசி போடும் முகாம் வைக்கும்படி கால்நடை மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிடித்துக்கொண்டு வருவதற்கு எங்கள் வகுப்பில் ஆறு பேர் பேர் கொடுத்துவிட்டோம்.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது நான் ஒண்ணாப்பு. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். மலையே நீலமாக இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து 2030-ல். அப்போ மணிக்கு ஒன்பது வயசு இருக்கும், கிழவன் ஆகியிருப்பான். அவனை நடத்தியே கூட்டிப் போய் ரோட்டு ஓரத்தில் நின்றாவது காட்ட வேண்டும் என்று ஆசை. நாய்க்கு நீலம் நல்லாத் தெரியுமாம், சிவப்புதான் தெரியாதாம்.

அண்ணா, வர்ற சனிக்கிழமை அரை நாள் பள்ளி. ஓடை வரைக்கும் நீங்களும் உங்க தம்பியும் எங்ககூட நடந்து வர்றீங்களா? மணி கயிற்றோடுதான் இருப்பான். தம்பி பயந்தா நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி