கணுக்கால் அளவோடு நின்றுவிடலாமா?

சங்கத்தின் வருடாந்திரக் குடும்பச் சுற்றுலாவை இனிமேல் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற கூட்டத்தில் ஓர் யோசனை வந்தது. பெரும்பாலோர் தலையசைத்தார்கள். நான் மட்டும் ஆட்சேபம் சொன்னேன். நேரம் ஆகிவிட்டதால் "எழுதிக் கொடுங்கள், மலரில் போடுகிறோம்" என்றார் செயலாளர். எழுதிவிட்டேன். சங்க அன்பர்கள் பொறுமையாகப் படித்துவிட்டு, பிறகு என்னைத் திட்டலாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வராதவர்கள் காதில் அது பல விதமாக விழுந்திருக்கிறது.

சென்ற பருவத்தில் ஜாலிபாய் தீவுக்குப் போனோம். போர்ட் பிளேயரிலிருந்து (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டாலும் வாயில் பழைய பெயர்தான் வருகிறது) வண்டூர் வரை பஸ்ஸில் சுமார் 30 கிலோ மீட்டர். அங்கே வனத்துறை சோதனை. 1983-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி என்பதால் பிளாஸ்டிக் எதையும் விட மாட்டார்கள். தீவில் கடையும் கிடையாது. கொண்டு போனதைத்தான் சாப்பிட வேண்டும், மிச்சத்தையும் குப்பையையும் திரும்பக் கொண்டு வர வேண்டும். எவர்சில்வர் தூக்குகளும் வாழை இலைகளும் வைத்திருந்த நம் கூட்டத்தைப் பார்த்துச் சோதனை செய்தவரே சிரித்துவிட்டார். இந்தச் சட்டம் நமக்காகவே போட்டது போல இருந்தது.

படகு சதுப்புநிலக் காடுகளுக்கு நடுவே, சின்னச் சின்னத் தீவுகளைத் தாண்டிப் போகும். அந்தப் பயணத்தின் அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை. எல்லாரும் பார்த்ததுதான். தீவில் நமக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று மணி நேரம். அதற்குள் கண்ணாடி அடிப் படகில் பவளப் பாறை பார்க்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. அன்று வந்தவர்கள் அறுபது பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தவர்கள். தீவில் இறங்கியதும் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, பாத்திரங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்களும் பையன்களும் தண்ணீரில் இறங்கினோம். பெண்களில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர். இரண்டும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள். மற்றவர்கள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை நனைத்துவிட்டு, "போதும்ப்பா" என்று திரும்பிவிட்டார்கள்.

என் மனைவியும் அதில் ஒருத்தி. கல்யாணம் முடிந்து 1983-இல் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்தபடியே வந்து சேர்ந்தவள். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் நாற்பது ஆண்டுக்கு மேல் குடித்தனம் செய்தும், கடல் அவளுக்குக் கணுக்கால் அளவுதான்.

சாப்பாடு முடிந்தது. சாப்பிடுவதற்காக எல்லாரும் மிதவைச் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தோம். பதினோரு வயதுப் பையன் ஒருவன், மீன் பார்க்கிறேன் என்று மறுபடியும் தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர்தான். அங்கே மணல் சில இடங்களில் சட்டென்று சரிந்து ஆழமாகிவிடும். அவன் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தான். அவ்வளவுதான்.

அவன் கத்தவில்லை. கையை உயர்த்தவில்லை. தலை ஒரு முறை மேலே வந்தது, வாய் திறந்தது, மறுபடி உள்ளே போனது. இருபது அடி தள்ளி நாங்கள் நான்கு ஆண்கள் நின்றுகொண்டு, பழைய சர்வீஸ் விவகாரம் ஒன்றைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். நான் அவனைப் பார்த்தேன் என்பதுதான் கொடுமை. பார்த்தேன், விளையாடுகிறான் என்று நினைத்தேன். நீச்சல் தெரிந்த நான்.

அவன் தாய்க்குத்தான் புரிந்தது. கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். நீச்சல் தெரியாதவள் நெஞ்சளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். இன்னும் இரண்டடி போயிருந்தால் இரண்டு பேரைத் தேட வேண்டியிருந்திருக்கும். என் மனைவி பின்னாலேயே போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் படகில் வேலை பார்க்கும் வங்காள இளைஞர் ஒருவர் பாய்ந்து, பையனின் தலைமுடியைப் பற்றித் தூக்கிவிட்டார். பையன் இருமினான், தண்ணீரைக் கக்கினான், அழுதான். அந்த அழுகையைக் கேட்டதுபோல் இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை.

திரும்பி வரும் படகில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒன்று கேட்டாள்: "ஏங்க, அந்தப் பொண்ணு நீச்ச தெரியாம இருக்கிறது யார் தப்பு?" அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைதான் என் பதில்.

நான் பிறந்தது சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். ஏழு வயதில் என் சித்தப்பா முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, கமலைக் கிணற்றில் தள்ளிவிட்டார். நான்கு நாளில் குடுக்கை இல்லாமல் நீந்தினேன். என் அக்காவும் ஊருணியில் என்னைவிட நன்றாக நீந்துவாள். பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அவள் ஊருணிக்குப் போனது குடத்தோடு மட்டும்தான். தண்ணீர் நம் பெண்களுக்கு அந்நியமானது இப்படித்தான். பயம் கூடப் பிறந்ததல்ல, நாம் கற்றுக் கொடுத்தது.

இங்கே நம் அண்டை வீட்டு வங்காளக் குடும்பங்களில் சின்னப் பெண்கள்கூட வீட்டுக் குளத்தில் மீன்குஞ்சாய் நீந்துவதைப் பார்க்கிறோம். வங்காளப் பெண்ணான ஆரதி சாஹா 1959-லேயே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஆசியப் பெண்களில் முதல்வர் அவர். நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. 1994-இல் குற்றாலீஸ்வரன் என்ற தமிழ்ச் சிறுவன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தபோது, பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து வைக்காத வீடு நம் காலனியில் இல்லை. கத்தரித்து வைத்தோம், நம் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினோமா?

"கடல் ஆபத்தானது, அதனால் போகவே வேண்டாம்" என்கிறார்கள். அந்த வாதம் சென்னையிலோ மதுரையிலோ செல்லும். நமக்குச் செல்லாது. உறவுக்காரரைப் பார்க்கவும், மாற்றல் உத்தரவுக்கும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாம் படகிலும் கப்பலிலும் ஏற வேண்டியவர்கள். சுற்றுலாவை நிறுத்தலாம், தீவு வாழ்க்கையை நிறுத்த முடியுமா?

2014 ஜனவரி 26-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராஸ் தீவுப் பக்கம் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த நம் மக்கள் அதில் பலர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த இரவு ஆஸ்பத்திரி வாசலில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அழைத்தபோது போனவர்களில் நானும் ஒருவன். அன்று பார்த்த முகங்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

நீச்சல் தெரிந்தால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. 2004 சுனாமியில் நல்ல நீச்சல்காரர்களும் போனார்கள். கவிழ்ந்த படகுக்குள் மாட்டிக்கொண்டால் நீச்சல் மட்டும் காப்பாற்றாது. ஆனால் மணல் சரிவில் கால் தவறிய பிள்ளையைக் காப்பாற்றும். பதற்றப்படாமல் மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் உதவி வரும்வரை உயிர் நிற்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதே ஆண்டுதான் ஐ.நா. சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. இத்தனை பேரில் எத்தனை பேர் கரைக்குப் பக்கத்திலேயே, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண் முன்னாலேயே போனார்களோ!

பவளப் பாறைக்காகவும் ஒரு வார்த்தை. நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் என்ன செய்வார்? பயம் வந்ததும் காலை ஊன்றுவார். ஊன்றும் இடம் பவளம். அது கல் அல்ல, உயிர். வருடத்துக்கு விரல் அளவு வளர்வதே அதிகம். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி இந்தத் தீவுகளில் பவளங்கள் வெளிறிப் போயின. ஜாலிபாய் ஒரு பருவம், ரெட்ஸ்கின் மறு பருவம் என்று வனத்துறை மாற்றி மாற்றித் திறந்துவிடும் வழக்கமே அவற்றுக்கு ஓய்வு தரத்தான். மிச்சம் இருப்பதை மிதிக்காமல் இருக்கவாவது நாம் மிதக்கக் கற்க வேண்டாமா?

சரி, என்ன செய்யலாம்? என் யோசனைகள் இவை.

ஒன்று: அடுத்த சுற்றுலாவுக்கு முன்பே நீச்சல் வகுப்பு நடத்த வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம், கற்றுத் தருபவரும் பெண்ணாக இருந்தால் நல்லது. கடற்படையிலும் கடலோரக் காவல் படையிலும் பணிபுரியும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. கேட்டால் ஆளும் இடமும் ஏற்பாடு செய்து தர மாட்டேன் என்பார்களா? உடை பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் வந்துவிட்டன. நீளப் புடவையோடு தண்ணீரில் இறங்குவதுதான் ஆபத்து. நிறம் கறுத்துவிடும் என்று கவலைப்படுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டு: தீவில் தண்ணீரில் ஆள் இருக்கும்வரை இரண்டு பேர் கரையில் நின்று கவனிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு ஜோடி மாற வேண்டும். அவர்களுக்குப் பேச்சு, சீட்டு, போட்டோ எதுவும் கூடாது. மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் கூப்பிட மாட்டான், சத்தமில்லாமல் போவான் என்பதை அந்த இருவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாங்கள் நான்கு பேர் கற்றுக்கொண்ட பாடம் இது. கையில் ஒரு கயிறும் மூடிய காலி டின் ஒன்றும் இருந்தால், நீச்சல் தெரியாதவரும் வீசிக் காப்பாற்றலாம்.

மூன்று: சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் இறங்கினாலும் மிதவைச் சட்டை போட்டே இறங்க வேண்டும். இதில் பெரியவர், சிறியவர், நீச்சல் தெரிந்தவர் என்ற பேதம் வேண்டாம்.

நான்கு: சாப்பாடு. இதைச் சொன்னால் ஆண்கள் முகம் சுளிப்பார்கள். அறுபது பேருக்கு ஐந்து வகை எதற்கு? எலுமிச்சம்பழ சாதமும் ஊறுகாயும் வாழைப்பழமும் போதாதா? பாத்திரங்களுக்குக் காவல் இருப்பதும், பரிமாறுவதும், இலை எடுத்து மூட்டை கட்டுவதும் ஆண்கள் பொறுப்பாகட்டும். கண்ணாடிப் படகின் முதல் நடையிலும், தண்ணீரில் இறங்கும் முதல் வரிசையிலும் பெண்கள் போகட்டும். மூன்று மணிக்கு எழுந்தவர்களுக்கு இரண்டரை மணி நேரமாவது சொந்தமாக வேண்டும்.

சுற்றுலாவைப் பூங்காவுக்கு மாற்றினால் ஒருவரும் மூழ்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பையன் இன்னும் தண்ணீரைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிகிறான். அவனை அப்படியே விட்டுவிட்டால், அவனுக்கும் கடல் கணுக்கால் அளவுதான். பிறகு அவன் பிள்ளைக்கும்.

கடைசியாக ஒரு செய்தி. சென்ற மாதம் என் மனைவி, அந்தப் பையன், அவன் தாய் மூவரையும் அலையில்லாத ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, நான் மிதக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பையன் இன்னும் முகத்தை நனைக்கவில்லை. தாய் மிதக்கிறாள். அறுபது வயதைத் தாண்டிய என் மனைவி முதல் நாள் என் கழுத்தை நெரித்தே விட்டாள். மூன்றாவது ஞாயிறு, மூச்சை இழுத்துப் பிடித்து, வானத்தைப் பார்த்தபடி பத்து எண்ணும்வரை மிதந்தாள். எழுந்ததும் அவள் சொன்னது: "இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?"

வகுப்புக்கு முதல் பெயர் அவளுடையது. செயலாளர் குறித்துக்கொள்ளவும்.